ஊர் திரும்பாத அம்மையார்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் சிலவற்றிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூமிசாஸ்திரம் கற்பித்தவன் நான். உலகப் படத்தைச் சுவரிலே தொங்கவிட்டு, பிரம்பினால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டிச் செல்லும்போது, இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில் ஒரு சிறு புள்ளி வரும். மொரீசியஸ் தீவு அது. கரும்பு விளையும் தீவு என்று ஒரு வரி சொல்லிவிட்டு அப்பாற் போய்விடலாம். பாடப் புத்தகமும் அப்படித்தான் போகிறது. ஆனால் என் பிரம்பு அவ்விடத்திற் சற்று நின்றுவிடும். அங்கே நின்று, நியூயோர்க் நகரத்துச் சிறுமி ஒருத்தியின் கதையை மாணவருக்குச் சொல்லுவது என் வழக்கமாயிருந்தது. ஒருமுறை வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரியொருவர், பாடத்திட்டத்திலே காணாத இந்தக் கதை எதற்கு என்று புருவத்தை நெரித்தார். கதை முடியும் வரை அவரும் எழுந்து போகவில்லை என்பதை இங்கே குறிப்பிடல் வேண்டும்.

அந்தச் சிறுமியின் பெயர் எலிசா அக்னியூ. பிறந்தது 1807ஆம் ஆண்டு. எட்டு வயதளவில், பள்ளிக்கூடத்துப் பூமிசாஸ்திர வகுப்பிலே ஆசிரியர் உலகப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்காலத்திற் பிரான்சுத் தீவு எனப் பெயர் வழங்கிய மொரீசியஸைத் தொட்டுக் காட்டி, ஹரியற் நியூவெல் என்னும் அமெரிக்கப் பெண் அங்கேதான் இறந்து அடக்கஞ் செய்யப்பட்டாள் என்று சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சொல் சிறுமியின் நெஞ்சிலே தைத்தது. தானும் கடல் கடந்து, கிறிஸ்து நாதரை அறியாத நாட்டாருக்குத் தொண்டு செய்யப் போவதென்று அன்றே அவள் மனத்துட் சங்கற்பஞ் செய்துகொண்டாள்.

ஹரியற் நியூவெல்லின் கதையை அறியாதார்க்கு இது விளங்காது. அமெரிக்காவிலிருந்து முதன்முதலாகக் கீழைத்தேசத்துக்கு அனுப்பப்பட்ட மிஷனரிமாருள் ஒருவரான சாமுவேல் நியூவெல்லை மணந்து, 1812இலே கப்பலேறியவள் அவள். கல்கத்தாவில் அவர்களைத் தங்கவிடாது கிழக்கிந்தியக் கொம்பனியார் வெளியேற்றினர். மொரீசியஸை நோக்கிய கப்பலிலே அவளுக்குக் குழந்தை பிறந்தது. சில நாளில் அக்குழந்தை மாண்டது. தீவை அடைந்த சில வாரங்களில், அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியில், தாயும் மாண்டாள். வயது பத்தொன்பது. தொண்டு என்று எதையும் தொடங்குமுன்பே முடிந்துபோன வாழ்க்கை. ஆயினும் அவளுடைய வரலாறு நூலாக அச்சேறி, அமெரிக்க வீடுகளிலே பெண்கள் கண்ணீரோடு படிக்கும் புத்தகமாயிற்று.

இனி வருவதுதான் என் மாணவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும் பகுதி. மனைவியையும் மகவையும் இழந்த சாமுவேல் நியூவெல், தனியனாய் 1813இலே இலங்கைக்கு வந்து சேர்ந்தார். சில மாத காலம் இங்கே தங்கினார். யாழ்ப்பாணத்தையும் கண்டார். இங்கே தமிழ் பேசும் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர், ஆங்கில அரசும் இங்கே தடை செய்யாது, ஆகையால் மிஷன் தொடங்க இது தக்க இடம் என்று தம்மை அனுப்பிய சபையாருக்கு எழுதினார். பின்னர் பம்பாய்க்குச் சென்று அங்கே காலமானார். அவர் எழுதியதன் பயனாக 1816இலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையூன்றினர். ஆகவே நியூயோர்க்கிலே ஒரு சிறுமி எந்தக் கல்லறையின் பெயரைக் கேட்டு மனங்கலங்கினாளோ, அதே மரணம் வேறொரு வழியாலே யாழ்ப்பாணத்தின் கதவையும் திறந்து வைத்திருந்தது. அவளுக்கு அது அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

எட்டு வயதிற் செய்த சங்கற்பம் எத்தனை நாளைக்கு நிற்கும்? நம்மில் எத்தனையோ பேர் சிறுவயதிலே என்னென்னவோ ஆவதாகச் சொல்லியிருக்கிறோம். எலிசாவோ இருபத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்தாள். தன்னுடைய பராமரிப்பு வேண்டியிருந்த உற்றார் உயிரோடு இருக்குமட்டும் அவர்களை விட்டு நீங்குவதில்லை என்று இருந்தாள். அவர்கள் மறைந்த பின்பே, முப்பத்திரண்டாம் வயதில், தன் எண்ணத்தைச் சபையாருக்குத் தெரிவித்துப் புறப்பட்டாள். இந்தக் காத்திருப்பை அவருடைய வரலாற்றை எழுதுவோர் ஒரு வரியிலே கடந்துவிடுகின்றனர். எனக்கோ அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் அதுவே அத்திவாரமாகத் தோன்றுகிறது. வீட்டிலுள்ள முதியோரைக் கைவிட்டுத் தொண்டுக்கு ஓடாதவர், பின்னர் தொண்டைக் கைவிட்டு வீட்டுக்கும் ஓடவில்லை.

1839இன் நடுப்பகுதியிலே பொஸ்டன் துறைமுகத்திற் கப்பலேறி, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மணமாகாத பெண்ணொருத்தி அவ்வளவு தூரம் தனித்து வருவது அன்றைய அமெரிக்காவிலேயே புதுமை. யாழ்ப்பாணத்தில் எவ்வளவு புதுமையாய் இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கணவன் எங்கே, பிள்ளை எத்தனை என்று கேட்காமல் நமது பெண்கள் விட்டிருக்க மாட்டார்கள். அவர் வந்த மறு ஆண்டிலேதான், 1841இல், உதயதாரகைப் பத்திரிகை தோன்றியது. அதற்கடுத்த ஆண்டில் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலே தமிழிளைஞர் தமிழோடு ஆங்கிலமும் கணிதமும் வான சாஸ்திரமும் கற்றுக்கொண்டிருந்தனர். யாழ்ப்பாணம் கண் விழித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் கண் விழித்தது பெரும்பாலும் ஆண்களுலகம். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற கேள்விக்கு ஊரிலே இன்னும் மறுமொழி பிறக்கவில்லை.

உடுவிலிலே அந்த மறுமொழிக்கு ஒரு தொடக்கம் மட்டும் செய்யப்பட்டிருந்தது. பின்னாளில் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோவின் மனைவியார் ஹரியற் வின்ஸ்லோ 1824இலே அங்கே பெண்களுக்கு ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அதன் தோற்றத்தைப்பற்றி உடுவிற் பகுதியார் வழிவழியாகச் சொல்லும் கதையொன்றுண்டு. மிஷனரி வீட்டு விறாந்தையிலே தையல் பழக வந்துபோன இரண்டு சிறுமியர், ஒரு நாள் பெருமழையால் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே சோறுண்டு உறங்கினராம். அந்நிய வீட்டிற் சோறுண்ட பிள்ளைகளை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தந்தையார் விட்டுச் சென்றாராம். கதையிலே கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளைச் சேர்ப்பது எவ்வளவு சிரமமாயிருந்தது என்பதற்கு வேறொரு சான்றுமுண்டு: படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணஞ் செய்யும் பெண்ணுக்கு மிஷனே சீதனங் கொடுத்தது. சீதனம் இல்லாத பெண் யாழ்ப்பாணத்திலே என்ன ஆவாள் என்பதை அமெரிக்கர் விரைவிலேயே அறிந்துகொண்டனர். வட்டுக்கோட்டையிலே படித்த இளைஞருக்கு உடுவிலிலே படித்த பெண் என்று ஒரு வழக்கமும் வளர்ந்தது. ஹரியற் வின்ஸ்லோ 1833இலே காலமானார். அதன்பின் லீவை ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலுக்கு வந்து பொறுப்பேற்றனர். அவர்களோடு வந்து சேர்ந்தவர்தான் நமது அக்னியூ அம்மையார்.

வந்தவர் நாற்பது ஆண்டு அங்கே இருந்தார்.

ஒரே பாடசாலை, ஒரே வளவு, ஒரே வேலை. இந்த வாழ்க்கையைக் கதையாகச் சொல்லப் புகுவோர் இடர்ப்படுவர். சிறையில்லை, அரசசபையில்லை, கடும்புலிக் காடில்லை. விடியலிலே எழுந்து பிள்ளைகளோடு செபம், பின் வேதபாடம், வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாஸ்திரம், தையல், மாலையிலே விசாரணை, இரவிலே நோயுற்ற பிள்ளையின் பாயருகே விழிப்பு. மறுநாளும் அதுவே. ஆசிரியராயிருந்தவருக்கு இதன் பாரம் தெரியும். முதலாண்டின் ஊக்கம் எல்லாருக்கும் உண்டு. பத்தாம் ஆண்டிலே அதே பாடத்தை அதே வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது குரலிலே ஒரு சலிப்பு வந்து கலந்துவிடும், எனக்கு வந்தது, மறைத்துக்கொண்டேன். முப்பதாம் ஆண்டிலும் அம்மையாரிடத்துப் பிள்ளைகள் அச்சலிப்பைக் கண்டதாக எங்கள் வீட்டு வழக்கிலே ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் வீட்டு வழக்கு என்றேன். அதைச் சொல்லவேண்டும். என் ஆச்சியின் அம்மம்மா உடுவிலிலே அம்மையாரிடம் படித்தவர். ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளிலே அங்கே ஐந்தாறு வருடம் இருந்தார். ஞானஸ்நானமும் பெற்றார். எங்கள் குடும்பத்திலே ஒரு கிளை இன்றும் தேவாலயத்துக்குப் போகிறது. எங்கள் கிளை கலியாண வழியிலே சைவத்துக்குத் திரும்பியது. ஆகவே இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மூதாட்டியார் எங்கள் ஆச்சிக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவர். தைத்த துணியைப் புறம் திருப்பிப் பார்ப்பாராம். முன்பக்கத்திற் பூ அழகாயிருந்தாற் போதாது, பின்பக்கத்தில் நூல் சிக்கலில்லாமல் இருக்கவேண்டும், அம்மையார் அப்படித்தான் பார்ப்பார் என்பாராம். ஆச்சி என் அரிச்சுவடிக் கொப்பியின் பின்பக்கத்தையும் அவ்வாறே திருப்பிப் பார்த்ததுண்டு.

ஒன்றை மறைப்பது முறையன்று. உடுவிலிற் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கப் பெயர் இடப்பட்டது. அப்பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பும் அமெரிக்க நன்கொடையாளரின் பெயர் அது. எங்கள் மூதாட்டியாருக்கும் அப்படியொரு பெயர் இருந்தது. வீட்டிலே ஒருவரும் ஒருநாளும் அப்பெயராலே அவரை அழைத்ததில்லை. பெற்றோர் இட்ட பெயரை எடுத்துவிட்டுக் கடலுக்கப்பாலுள்ள ஒருவரின் பெயரைச் சூட்டுவது இன்றைக்கு நமக்கு உவப்பாயில்லை. அன்றைக்கும் பலருக்கு உவப்பாயிருந்திராது. மதமாற்றமே அப்பாடசாலையின் நோக்கம் என்பதையும் எவரும் மறைக்கவில்லை. அம்மையாரும் மறைத்தவரல்லர். எழுத்தறிவும் தையலும் அவருக்கு வழி, கிறிஸ்துவே முடிவு. இதனாலேயே ஆறுமுக நாவலர் 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அப்போராட்டத்தின் இரு பக்கத்தையும் இங்கே நான் தூக்கி நிறுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரி 1913இலே மருதனார்மடத்தில் எழுந்தபோது, அதற்கு அருகேயுள்ள உடுவிற் பாடசாலைக்கு வயது எண்பத்தொன்பது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற பழைய கேள்வி அதற்குள்ளே யாழ்ப்பாணத்தில் மெலிந்துவிட்டது.

அம்மையாருடைய நாற்பதாண்டும் ஒரே சீராய் ஓடவில்லை. 1855 ஒரு கொடிய ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரியிலே, வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய டானியேல் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் மாண்டார். அதே ஆண்டில் அமெரிக்கச் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் ஒரு துணைவரோடு யாழ்ப்பாணம் வந்து, மிஷனின் பாடசாலைகளை ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி இளைஞரை அரச உத்தியோகத்துக்கு அனுப்புகிறதே தவிரச் சுவிசேஷத் தொண்டுக்கு அனுப்பவில்லை என்பது அவர் கண்ட முடிவு. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் மாணவியர் தொகை சுருக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு பாடுபட்டு வளர்த்த பாடசாலையைத் தன்னை அனுப்பிய சபையே குறைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பது எவருக்கும் எளிதன்று. பகைவர் செய்வதைத் தாங்குவது ஒருவகை. தம்மவர் செய்வதைத் தாங்குவது வேறொருவகை. அம்மையார் அப்போது நாற்பத்தெட்டு வயதினர். மனம் வெறுத்துக் கப்பலேறியிருந்தால் எவரும் குறை கூறியிரார். எஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் பாடத்தைத் தொடர்ந்தார்.

அடுத்து, 1861 முதல் 1865 வரை அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர். அவர் பிறந்த நாடு இரண்டாய்ப் பிளந்து ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தது. செய்தி மாதக்கணக்கிற் பிந்தி வந்தது. மிஷனுக்கு வரும் பணமும் நெருக்கடிக்குள்ளாயிற்று. போர் முடிந்து மூச்சு விடுமுன் யாழ்ப்பாணத்திலே 1866, 1867 ஆண்டுகளில் வாந்திபேதி பரவி ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டது. எங்கள் மூதாட்டியார் அக்காலத்தைக் குறித்து அதிகம் பேசமாட்டாராம். பாடசாலைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தோம் என்பது மட்டுமே ஆச்சி கேட்ட ஒரு வாக்கியம்.

பின்னர் தோழர் ஒவ்வொருவராய்ப் போயினர். அம்மையார் வந்தபோது முதியோராய் இருந்தவர் மறைந்தனர்; அவருக்குப் பின்வந்த இளையோர் சிலர் நோயினால் ஊர் திரும்பினர். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே வளவிலே கூட வாழ்ந்த ஸ்போல்டிங் 1873இலே காலமானார். மறு ஆண்டு அவர் மனைவியாரும் காலமானார். ஐம்பது ஆண்டுக்கு மேல் யாழ்ப்பாணத்திலே தொண்டு செய்த தம்பதியர் அவர்கள். ஆயினும் இடையிலே ஒருமுறை தாய்நாட்டைக் கண்டு மீண்டவர்கள். அம்மையார் ஒருமுறையேனும் போகவில்லை.

இந்தச் செய்தியை எழுதும்போது நான் சற்றுத் தயங்குகிறேன். தாய்நாட்டை மறப்பது பெருமையா? அதைப் பெருமையென நான் கொள்ளவில்லை. அம்மையாரும் கொண்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவுக்கு ஒருமுறை ஓய்வெடுத்துப் போய்வரக் கூடாதா என்று கண்டோர் கேட்கும்போதெல்லாம், தமக்கு நேரமில்லை, வேலை அதிகம் என்று சொல்லிவிடுவாராம். தியாகம், அர்ப்பணம் என்ற பெருஞ்சொற்கள் அந்த மறுமொழியில் இல்லை. அடுப்பிலே உலை வைத்துவிட்டு வந்த பெண், இருந்து போகலாமே என்பாருக்குச் சொல்லுவது போன்ற மறுமொழி அது. தொடக்கத்திலே தூரம் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். போக நாலைந்து மாதம், வர நாலைந்து மாதம். ஆனால் 1869இலே சுயெஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் வந்தன. மாதங்கள் வாரங்களாய்ச் சுருங்கின. கடல் சிறிதான பின்பும் அவர் போகவில்லை. வெளிநாட்டிலுள்ள என் பிள்ளைகள் ஓய்வூதியகாரனாகிய என்னைத் தம்மோடு வந்து இருக்கும்படி அழைக்கும்போது, இங்கே எனக்கு வேலையிருக்கிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மெய்யாகவே வேலையில்லை, அம்மையாருக்கு இருந்தது.

அந்த வேலை எப்படிப்பட்டதென்றால், பாடசாலைப் படலையோடு அது முடிவதில்லை. விடுமுறை வந்ததும் அவர் கிராமங்களுக்குப் புறப்படுவார். மணமாகிப் போன பழைய மாணவியரின் வீடுகளைத் தேடிச் செல்வார். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய கணவன் இறந்தான், யார் படித்ததை மறந்துவிட்டாள் என்ற கணக்கு அவர் மனத்திலே இருந்தது. இவ்வாறு இருக்க, முதல் மாணவியரின் பெண்கள் உடுவிலுக்கு வந்தனர். பின்னர் அப்பெண்களின் பெண்களும் வந்தனர். தாய்க்குச் சொன்ன பாடத்தை மகளுக்கும், மகளுக்குச் சொன்னதைப் பேர்த்திக்கும் ஒரே ஆசிரியை சொல்லுவது உலகத்திலே அடிக்கடி நடக்கும் காரியமன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் கற்றனர் எனவும், அவருள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவராயினர் எனவும் மிஷனரிமார் கணக்கிட்டனர். ஆயிரம் புத்திரிகளின் தாய் என்று அவரை அழைத்தனர். அம்மாணவியருட் பலர் தாமே ஆசிரியைகளாகிக் கிராமப் பாடசாலைகளில் அமர்ந்தனர். எங்கள் மூதாட்டியார் பாடசாலைக்குப் போகவில்லை. ஆனால் திண்ணையிலே அயற்பெண்களைக் கூட்டி மணலில் எழுத்தெழுதச் செய்தார். அம்மையாரின் கணக்கிலே அந்தத் திண்ணை சேர்ந்ததோ, சேரவில்லையோ.

1879இலே அம்மையார் பாடசாலைப் பொறுப்பை விட்டார். வயது எழுபத்திரண்டு. நாவலர் காலமானதும் அதே ஆண்டின் இறுதியிலேதான். எதிரெதிரே நின்று யாழ்ப்பாணத்துக் கல்விக்கு உழைத்த இருவருடைய பணியும் ஓராண்டிலே ஓய்வுற்றது. ஆனால் அவருக்கு மரணம் ஓய்வு கொடுத்தது. அம்மையாருக்கு முதுமை கொடுத்தது. இந்தக் கடைசி நாலு ஆண்டே என் சிந்தையை அதிகம் கவர்வது.

வேலையிருக்கிறது, ஆகையால் ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவந்த ஒருவருக்கு, வேலை முடிந்தபின் சொல்லுவதற்கு என்ன காரணம்? இப்போது கப்பலேறியிருந்தால் வழியனுப்ப மாலைகளோடு துறைமுகத்திலே கூட்டங் கூடியிருக்கும். அமெரிக்கத் தேவாலயங்கள் எழுந்து நின்று வரவேற்றிருக்கும். அவர் உடுவிலிலிருந்து ஒரு சிறு பயணம் மட்டும் போனார்: இரண்டு மூன்று மைல் தொலைவிலுள்ள மானிப்பாய்க்கு. அங்கே, புதிதாக அமெரிக்காவிலிருந்து வந்த மேரி, மாக்கிரற் லீட்ச் என்னும் சகோதரியர் இருவர், அவரைத் தம் வீட்டிலே தாயைப்போல வைத்துப் பேணினர். பின்னாளில் அச்சகோதரியர் தம் இலங்கை வாழ்வைப் பற்றி எழுதிய நூலாலேயே அம்மையாரின் கதை உலகறிந்தது.

பொறுப்பு இல்லாதவர் தொண்டிலே நிலைத்திருப்பது எப்படி? வகுப்பறையின் மணியோசை இல்லை. இன்றைக்கு இத்தனை பிள்ளை வந்தது என்ற கணக்கில்லை. தாம் நாற்பதாண்டு நடத்திய பாடசாலையை இப்போது வேறொருவர் வேறொரு விதமாக நடத்துகின்றார். அதைக் குறை சொல்லிக்கொண்டு காலங்கழித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் பலரை நான் அறிவேன். என்னையும் அவர்களோடு சேர்த்தே சொல்லுகிறேன். அம்மையாரோ செபத்தை எடுத்துக்கொண்டார். ஆயிரம் பெண்களின் பெயரும் ஊரும் அவருக்குத் தெரியும். ஒவ்வொருத்தியாய் எண்ணிச் செபிக்க நாட்கள் போதாமலிருந்திருக்கும். பழைய மாணவியர் பிள்ளைகுட்டிகளோடு மானிப்பாய்க்கு வந்து கண்டு போயினர். வரும்போது முருங்கைக்காயும் மாம்பழமும் கொண்டு வருவர். எங்கள் மூதாட்டியாரும் போயிருக்கிறார். மடியிலே இருந்த கைக்குழந்தையின் சட்டையை அம்மையார் புறம் திருப்பிப் பார்த்தாராம்.

1883 யூன் மாதம் அம்மையார் நோய்ப்படுக்கையில் இருந்தார். எழுபத்தாறு வயது. இனி எழுந்திருக்க மாட்டார் என்பது அருகிலிருந்தோருக்குத் தெரிந்தது. செய்தி பரவ, உடுவிலிலே படித்த பெண்கள் திரண்டு வந்தனர் என்பர். படுக்கையருகே நின்றவர், யாருக்காகச் செபிக்கவேண்டும் என்று கேட்டாராம். தமக்காகச் செபிக்கும்படி அவர் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக, அவர்கள் கிறிஸ்துவினிடத்தில் வரும்படி, செபிக்கச் சொன்னாராம். எட்டு வயதிற் படத்திலே ஒரு புள்ளியைக் கண்டபோது தொடங்கிய அதே எண்ணம், அறுபத்தெட்டு ஆண்டு கழிந்து, வேறொரு தீவின் வடமுனையிலே, ஒரு சிறு அறைக்குள் இன்னும் ஓயாமல் இருந்தது. அவர் விரும்பியது முழுவதும் நிறைவேறியதென்று வரலாறு கூறாது. யாழ்ப்பாணத்துப் பெண்களுட் பெரும்பாலார் தத்தம் தாயாரின் தெய்வங்களையே வணங்கிவந்தனர், வணங்கிவருகின்றனர். ஆனால் அவர்கள் படித்தார்கள். உடுவிற் பாடசாலை 2024இலே தன் இருநூறாவது ஆண்டை நிறைவு செய்தது.

அம்மையார் அம்மாதத்திலேயே உயிர் நீத்தார். அன்று எங்கள் மூதாட்டியார் முப்பது வயதைச் சற்றே கடந்தவர். பிள்ளைகளை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, வெயிலிலே மானிப்பாய்க்கு நடந்து போனாராம். மாலையிலே திரும்பி வந்தார். அங்கே என்ன கண்டார், யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வீட்டிலே அடுப்பு மூட்டவில்லை என்றும், பிள்ளைகள் பழஞ்சோறு தின்று படுத்தார்கள் என்றும் மாத்திரம் எங்கள் ஆச்சி சொல்லுவார்.